கொடி அல்ல, உன் தாவணி

கல்யாணப் பெண்ணாகிவிட்ட என் மகளே,

நம் பக்கத்துக் கல்யாணங்களில் வாழ்த்து மடல் அச்சடிப்பார்கள், உனக்குத் தெரியும். தாய்மாமன் ஒன்று, மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒன்று என்று ரோஸ் காகிதத்தில் அடித்து, எதுகை மோனையோடு மைக்கில் படித்து, பந்தலுக்கு வந்தவன் கையில் எல்லாம் திணிப்பார்கள். அவனும் அதை நாலாக மடித்து விசிறிக்கொள்வான். பெண்ணைப் பெற்ற அப்பன் மடல் அடித்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அடிக்கிறேன். திண்டிவனத்து அச்சாபீஸ்காரர் நான் எழுதிக்கொண்டுபோன நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கல்யாண வாழ்த்தா, கோர்ட்டுக்குப் போகிற மனுவா என்று கேட்டார். உமக்கென்ன, எழுத்தை ஒழுங்காகக் கோத்து அடியும் என்றேன். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே.

எதற்கு இந்த வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் விமானம் இறங்கிய நாளைப் பற்றி மரக்காணத்தில் இரண்டு பேச்சு உண்டு. மேஸ்திரி துண்டை ஆட்டி, சிவப்புக் கொடியைக் காட்டி, தீப்பிடித்த விமானத்தைப் பத்திரமாக இறக்கினார் என்பது ஒன்று. இதை உரக்கப் பேசுவார்கள். மேஸ்திரி மகள் தாவணி இல்லாமல் ஓர் அந்நிய ஆம்பளையைக் கட்டிக்கொண்டு நின்றாள் என்பது இன்னொன்று. இதை வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். முதல் பேச்சில் எனக்கு மரியாதை கிடைத்தது. இரண்டாவதில் உன் பெயர் கெட்டது. இரண்டையும் ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன். உன் கல்யாணத்துக்கு ஊரே வரப்போகிறது. அந்த ஊரின் முன்னால் உன் பெயரை உன்னிடம் திருப்பிக் கொடுக்காமல் உன்னை மாப்பிள்ளை ஊரான பிரம்மதேசத்துக்கு வண்டி ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

எட்டாவதோடு உன் படிப்பை நிறுத்தியது நான்தான். அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். டீச்சர் வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்று நான் வாத்தியாரம்மாவுக்கே பாடம் நடத்தி அனுப்பினேன். உண்மைக் காரணம், அந்த வருஷம் புதுப் பாத்தி மிதிக்க ஆள் பற்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நெல் விளைவிக்கிறவர்கள். அவர்களும் படிக்கப்போவதால் விவரமாகச் சொல்கிறேன். உப்பு எடுக்கிற பாத்தியின் தரை இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு கலந்து உப்பு கறுத்துவிடும். அதனால் களிமண் தரையில் தண்ணீர் பாய்ச்சி, ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, குதிகாலால் மிதித்துக்கொண்டே போவோம். காய விடுவோம். மறுபடி மிதிப்போம். ஒரு மாதம் இப்படி மிதித்தால் தரை சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். அந்த வரிசையில் பதிமூன்று வயசில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நீ இரண்டு நாள் அழுதாய், மூன்றாம் நாள் அழவில்லை.

ஆனால் உன் கால் மாதிரி ஒரு கால் அந்த உப்பளத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. நம்மோடு பாத்தி மிதிக்கிற ஏழுமலை ஒரு நாள், உன் பொண்ணு என்ன பெரிய இஞ்சினியரா என்று என்னைச் சீண்டி, உன் கண்ணைத் துண்டால் கட்டிப் பாத்தி பாத்தியாக நடக்கவிட்டான். நீ நாலைத் தாண்டி, ஐந்தாவது பாத்தியின் நடுவில் நின்றுகொண்டு, இங்கே இன்னும் இரண்டு மிதி பாக்கி இருக்கிறது, யார் ஏமாற்றியது என்று கேட்டாய். ஏமாற்றியது ஏழுமலையேதான். அன்றைக்கு அவன் மூஞ்சி போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு, பாத்தி தயாரா என்று பார்க்க நான் உன்னைத்தான் நடக்கச் சொல்லுவேன். ஆனால் வெளியில், என் அனுபவத்தில் சொல்கிறேன், தரை தயார் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். திருட்டு அங்கேயே ஆரம்பித்துவிட்டது பார்.

அந்த விமானத்துக்கும் எனக்கும் பழக்கம் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்ததும் அந்தக் காலத்தில்தான். மெட்ராஸில் ஒரு பெரிய மனிதர் சொந்தமாகச் சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார். அவரே ஓட்டுவார். மாதத்தில் இரண்டு மூன்று தடவை கடலோரமாகவே பாண்டிச்சேரிப் பக்கம் போவார். நம் உப்பளத்துக்கு மேலே தாழ்வாகத்தான் வரும். நான் வரப்பில் நின்று துண்டை ஆட்டுவேன். அது இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை இறக்கையைச் சாய்க்கும். அவ்வளவுதான் பழக்கம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தால், விமானக்காரன் நமக்குத் தெரிந்தவன்தான் என்று அளப்பேன்.

எமர்ஜென்சி வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, மாசி மாதம், காலை எட்டு மணி இருக்கும். உனக்கு அப்போது பத்தொன்பது வயசு. பழைய பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். நீ எனக்குப் பக்கத்துப் பாத்தியில் நீளக் கழி செருகிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாய். விமானத்தின் சத்தம் கேட்டது. கேட்டதும் நான் துண்டை எடுத்துவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சத்தம் சரியில்லை. விட்டு விட்டு இருமுகிற மாதிரி வந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து புகை, முதலில் வெள்ளையாக, அப்புறம் கருப்பாக. பிறகு சத்தம் அடியோடு நின்றுபோயிற்று. ஆகாயத்திலிருந்து அது சத்தமே இல்லாமல் இறங்கி வந்தது. புகைக்கு நடுவே நெருப்பும் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? துண்டை இன்னும் வேகமாக ஆட்டினேன். ஊரில் யாருக்கும் தெரியாதது இதுதான், அதனால் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். உப்பளத்தில் எங்கே என்ன நடந்தாலும், பாம்பு வந்தாலும், மடை உடைந்தாலும், யாராவது மயங்கி விழுந்தாலும், மேஸ்திரி துண்டைத் தூக்கி ஆட்டுவான். ஆட்கள் போட்டது போட்டபடி அவன் நிற்கிற இடத்துக்கு ஓடி வர வேண்டும். இருபது வருஷத்துப் பழக்கம். ஆபத்து என்றதும் என் கை தானாக மேலே போய்விட்டது. ஆகாயத்தில் எரிந்துகொண்டு வருகிறவனையும் என் ஆள் என்றே நினைத்து, வா, இங்கே வா என்று நான் நின்ற இடத்துக்குக் கூப்பிட்டேன். நான் நின்ற இடமோ உப்பு விளைந்து கிடந்த பழைய பாத்தி. பத்து தப்படிக்கு ஒரு வரப்பு. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைத் தரையாகத்தான் தெரியுமாம். முதல் வரப்பில் சக்கரம் இடித்திருந்தால் விமானம் தலைகுப்புறப் போய், மனுஷன் உள்ளேயே வெந்திருப்பான். விமானமும் என் துண்டைப் பார்த்து, எங்களை நோக்கித் திரும்பிற்று.

ஆட்கள் எல்லாரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். சிலர் ரோட்டுப் பக்கம், சிலர் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். நீ ஓடவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாய்.

"அப்பா, ஆட்டாதீங்க. இங்க வந்தா வரப்புல மோதி வுழுந்துடுவாரு."

அவ்வளவுதான் சொன்னாய். அடுத்த நிமிஷம் பலகையைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாய். பெரிய வரப்புக்கு அப்பால் அந்த வருஷத்துப் புதுப் பாத்திக்கு மிதித்து முடித்த தரை கிடந்தது. உள்வரப்பு எதுவும் இன்னும் போடவில்லை. நானூறு தப்படிக்கு ஒரே பாளம். ஒரு மாதமாக நீ மிதித்த தரை. ஓடுகிறபோதே தாவணியை உருவி, பலகைக் கழியின் நுனியில் முடிந்தாய். பொங்கலுக்கு எடுத்த சிவப்புத் தாவணி அது. வெறும் பாவாடை ரவிக்கையோடு அந்தத் தரையின் நடுவே ஓடிப்போய், கழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாய். பிடித்துக்கொண்டே தரையின் நீளவாக்கில் நடந்தாய். எவ்வளவு தூரத்துக்குத் தரை கெட்டி என்று அவருக்குக் காட்டுகிறாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கையிலிருந்த துண்டு எப்போது கீழே விழுந்தது என்று எனக்கே தெரியாது.

விமானம் கடைசி நேரத்தில் உன் பக்கம் திரும்பியது. என் தலைக்கு மேலே பனை உயரத்தில்தான் போயிற்று. சூடு முதுகில் அடித்தது. பக்கவாட்டில் சரிந்த மாதிரியே வந்தது. தீ தன் முகத்துக்கு வராமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் சாய்த்து இறக்கினாராம். நீ கழியைத் தரையில் போட்டுவிட்டு விலகினாய். சக்கரம் தரையைத் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டது. உன் தரை தாங்கிற்று. முழுத் தூரமும் ஓடி, மிதிக்காத சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.  என் மகள் காலால் செய்த தரையில் ஒரு விமானம் இறங்கியது. இதை நான் எத்தனை டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் மரம் மாதிரி நின்றேன். நீ அதற்குள் தாவணியைக் கழியிலிருந்து பிய்த்து, வாய்க்காலில் உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாய். கதவு இறுகிப்போயிருந்தது. கையை உள்ளே விட்டு நெம்பினாய். உன் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழுக்கக் காய்ந்த தகரம் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். அவர் சட்டையில் தீ. ஈரத் தாவணியை அவர்மேல் சுற்றி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து வெளியே இழுத்தாய். தீப்புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டதும் அவர் போட்ட அலறல் ரோடு வரைக்கும் கேட்டதாம். நான் வந்து கால் பக்கம் பிடித்தது அதற்குப் பிறகு. இருபது தப்படி இழுத்திருப்போம், பெட்ரோல் பிடித்து விமானம் மொத்தமும் வெடித்து எரிந்தது. அந்தச் சத்தத்தில்தான் மற்றவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்கள் வந்து பார்த்தது என்ன? தாவணி இல்லாத பெண், அவள் மடியில் ஓர் ஆம்பளை. முன்னால் நடந்தது எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

உப்பு லாரியில் உங்கள் இரண்டு பேரையும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருக்கு நினைவே இல்லை. அன்றைக்கே அவர் வீட்டார் வந்து மெட்ராஸுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நீ பதினோரு நாள் அங்கே இருந்தாய். அந்தப் பதினோரு நாளில் ஊர் தன் வேலையைக் காட்டிவிட்டது. அவ தாவணி எங்க போச்சாம் என்று ஆரம்பித்து, அந்த ஆளை அவளுக்கு முன்னாலேயே தெரியுமாம் என்பது வரைக்கும் போயிற்று. உன் அம்மா தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் குடத்தைப் பிடுங்கி எறிந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அன்றைக்கே செத்திருக்கும். தாவணியை ஏன் உருவினாள் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால், உன் துண்டு என்ன செய்துகொண்டிருந்தது மேஸ்திரி என்று எவனாவது கேட்பான். இரண்டும் ஒரே கதை. பாதியை மட்டும் சொல்ல முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் கைத்தடி ஊன்றிக்கொண்டு உப்பளத்துக்கே வந்தார். நீ கட்டுப் போட்ட கையோடு வீட்டில் இருந்தாய். அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். எண்ணெய் கசிந்து சூட்டில் பட்டுத் தீப்பிடித்ததாம். பெட்ரோலை அடைத்துவிட்டாராம், இஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே புகை, முன் கண்ணாடி முழுக்க எண்ணெய்; பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்ததாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், கையில் இரண்டு நிமிஷம். அப்போது ஒரு துண்டு ஆடுவதைப் பார்த்து, நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினாராம். அப்புறம் ஒரு சிவப்புக் கொடி தெரிந்ததாம். அந்தக் கொடிதான் இடத்தையும் காட்டியது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் காட்டியது என்றார். பேசிக்கொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மேஸ்திரி, உங்க துண்டும் அந்தச் சிவப்புக் கொடியும் இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல."

சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். முதலாளி நிற்கிறார். நான் சொன்னேன், அது உப்பளத்துக் கொடிங்க, ஆபத்துக்குன்னு வெச்சிருக்கிறது. உப்பளத்தில் எந்தக் காலத்தில் கொடி இருந்தது? ஏழுமலைகூட என்னை ஒரு மாதிரி பார்த்தான். உள்ளேயிருந்து என்னை இழுத்தது யார் என்று கேட்டார். எல்லாரும்தான் என்றேன். கண்ணு, அந்த ஒரு சொல்லில் உன் கை, உன் தாவணி, உன் தரை எல்லாம் போயிற்று.

அப்புறம் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய், இடது கையால். உன் அம்மாவிடம் நீ எல்லாவற்றையும் சொல்லியிருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"துண்டுக்குப் பொன்னாடை போத்திட்டாங்க. தாவணிக்கு யாரு போத்துறது?"

இதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். உன் அம்மா என்னிடம் பேசாமல் இருந்தது நாலு மாதம். ஊரில் எனக்கு மரியாதை கூடக்கூட, வீட்டில் குழம்பில் உப்பு குறைந்துகொண்டே வந்தது. உப்பள மேஸ்திரிக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

அப்புறம் வரன் பார்க்க ஆரம்பித்தோம். கீழ்புத்துப்பட்டுக்காரர்கள் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். நாலாம் நாள் யார் காதிலோ எதுவோ விழுந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்கள் நேரடியாகவே கேட்டார்கள், அந்த ஏரோப்ளேன் பெண்தானே என்று. இரண்டு தடவையும் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது தடவை, கையில் இருப்பது ஸ்டவ் வெடித்த காயம் என்று சொல்லிவிடலாம் என்று உன்னிடம் வந்து யோசனை சொன்னவனும் நான்தான். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உன் மௌனத்தை எல்லாம் எனக்கு வசதியாகவே எடுத்துக்கொண்டு பழகிவிட்டேன்.

இந்த வருஷம் தை மாதம் பிரம்மதேசத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது இனி உன் மாமியார், வயல் வேலை செய்து கறுத்த கையோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நீ காப்பித் தட்டை நீட்டியபோது சேலைத் தலைப்பு விலகிற்று. கையில் என்னம்மா என்று அவர்கள் கேட்டார்கள். நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, ஸ்டவ் வெடிச்சிட்டுதுங்க என்றேன். நீ தட்டைக் கீழே வைத்தாய்.

"ஸ்டவ் இல்லீங்க. ஏரோப்ளேன்."

என் காலுக்குக் கீழே தரை மிதிக்காத பாத்தி மாதிரி ஆகிவிட்டது. நீ நின்றபடியே சொன்னாய். தீப்பிடித்து வந்தது, தரை காட்டத் தாவணியை உருவியது, கதவை நெம்பியது, கட்டிப் பிடித்து இழுத்தது, அதை ஊர் எப்படிப் பேசுகிறது என்பது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. இதுக்கு மேல கட்டிக்கிறதும் கட்டிக்காததும் உங்க இஷ்டம் என்று முடித்தாய்.  மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து போகப்போகிறார்கள் என்று. அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"அந்த ஆளு பொழைச்சானா?"

"பொழைச்சிட்டாருங்க."

"அப்புறம் என்னா? காப்பி ஆறுது, எடும்மா."

மகளே, ஐந்து வருஷத்தில் ஊரில் ஒருவர்கூட உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. யார் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் கட்டிப் பிடித்திருந்தாய், தாவணி எங்கே என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட வீட்டுக்கு நீ போகிறாய். எனக்கு இனி உன்னைப் பற்றிக் கவலை இல்லை. மாப்பிள்ளையும் கடைசியில் தலை நிமிர்ந்து, எவ்வளவு நீளத் தரை என்று கேட்டாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விஷயம் தெரிந்தவன் கேட்கிற கேள்வி.

ஆனால் நீ அன்றைக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். என் துண்டை. விமானம் முதலில் ஏன் பழைய பாத்திப் பக்கம் வந்தது என்பதைச் சொல்லாமலே கதையை முடித்தாய். அவர்கள் போன பிறகு உன்னைக் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னவள் அதை ஏன் சொல்லவில்லை என்று. நீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"என்னுதை நான் சொல்லிட்டேன். உங்களுதை நீங்கதான் சொல்லணும்பா."

அந்த வார்த்தைதான் என்னைத் திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றியது. மைக்கில் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாயனக்காரன் நடுவில் புகுந்து வாசித்துவிடுவான். அச்சில் போட்டால் யாராலும் அழிக்க முடியாது. என்னாலும் முடியாது. அதனால் தெளிவாகப் போடுகிறேன்: துண்டை ஆட்டி அந்த மனிதரைச் சாவுக்குக் கூப்பிட்டவன் நான். அதைத் தடுத்து, தரை காட்டி, தீயில் கையை விட்டு இழுத்தவள் என் மகள். சிவப்புக் கொடி என்று ஒன்று அந்த உப்பளத்தில் என்றைக்கும் இருந்தது கிடையாது. இதையே கையால் எழுதி மெட்ராஸில் அந்த மனிதர் விலாசத்துக்கும் முன்பே தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நாளைக்கு உப்பளத்தில் என் துண்டைப் பார்த்து எவனாவது சிரித்தால் சிரிக்கட்டும். ஏழுமலை நிச்சயம் சிரிப்பான். அவனுக்கு ஐந்தாவது பாத்திக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் அப்பன் வாய், சும்மா இருக்காது. போகிற வீட்டில் எல்லாரையும் மதித்து நட. ஆனால் மேஸ்திரி கூப்பிட்டாலும் மாமனார் கூப்பிட்டாலும், தரை சரியில்லை என்று உன் காலுக்குத் தெரிந்தால் அங்கே போய் நிற்காதே. ஆட்டாதீங்க என்று என்னிடம் சொன்ன மாதிரி சொல். உன் புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன் பெயரை எடுத்துக் கொடுத்துவிடாதே. ஒருத்தனுக்கு ஒரு தடவை செய்தது போதும், அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் திருப்பித் தரவில்லை. உனக்கு ஒரு பெண் பிறந்தால் எட்டாவதோடு நிறுத்தாதே. டீச்சர் வீட்டுக்கு வந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடு. மணிக்கட்டு வரைக்கும் கை மறைகிற மாதிரி ரவிக்கை தைக்கலாம் என்று உன் அம்மா சொன்னபோது, வேண்டாம், எப்போதும் போலவே தைக்கட்டும் என்று நீ சொன்னதைத் திண்ணைப்பக்கம் நின்று கேட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உரக்கச் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. மணவறையில் உட்கார்ந்த பெண் தலையைக் குனிந்துகொண்டிருக்க வேண்டும் என்று உன் அத்தைமார்கள் பின்னாலிருந்து கழுத்தை அழுத்துவார்கள். குனியாதே கண்ணு. வந்திருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார். அந்தப் பந்தலில் தலை குனிய வேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கிறான். அவன் வாசலில் நின்று, வாங்க வாங்க என்று எல்லாரையும் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருப்பான்.